கலங்கிய சீரம்

1920ஆம் ஆண்டு, பதுளைக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்துச்சாலையில் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பாம்புக்கடி மருந்துப் பெட்டி அழகர் என்பவரின் பொறுப்பில் இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, குறைந்த பேச்சு. அவர் பாதையில் வந்தால் கங்காணிமார்கூட வழிவிட்டு நிற்பார்கள். அந்த மரியாதை கிடைக்கும்போதெல்லாம் அவர் முகம் கறுத்துப்போகும். ஏன் என்று எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. பாதிக் கதையை அவரே சொன்னார். மீதியைச் சொன்னது ரெங்கம்மா என்ற பெண். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அழகரின் தகப்பனார் கோப்பிக் காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். கோப்பிச் செடிகளெல்லாம் நோயில் அழிந்து, மலை முழுக்கத் தேயிலை நட்டபோது அழகருக்கு ஏழெட்டு வயது. அந்தத் தோட்டத்தில் அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. கொஞ்சம் வளர்ந்ததும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். முப்பத்திநான்கு வயது வரைக்கும் தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்குவதுதான் அவருக்கு வேலை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மற்றவர்களைப்போல இல்லை. செடிக்குள் பாம்பு தென்பட்டால் எல்லாரும் மண்வெட்டியைத் தூக்குவார்கள். அவர் கவைக்கம்பால் தலையை அழுத்திப் பிடித்துச் சாக்கில் போட்டுக் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

1910இல் டாக்டர் வைரவநாதன் அந்தப் பகுதிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் படித்தவர், ஏழு தோட்டங்களுக்கும் சேர்த்து வைத்தியர். அவருடைய பங்களாவுக்குப் பின்னால் கோப்பிக் காலத்துக் களஞ்சியம் ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுண்ணாம்பு அடித்து ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். நீளமான மேசை, சின்னத் தராசு, எண்ணெய் அடுப்பு, கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய மரத் தாங்கிகள், வெளியே புறாக்கூடு. தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசைகளான லயத்து ஆட்கள் அதற்குப் பாம்பு வீடு என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாள் காலை, பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், டாக்டர் அங்கேயே வந்தார். முந்தின நாள் உயிரோடு ஒரு விரியனைப் பிடித்தவர் யார் என்று கேட்டார். அழகர் முன்னால் போய் நின்றார்.

"நீர்தானோ? என்னோடை வேலை செய்ய வாறீரோ?"

லயத்து ஆள் எவரையும் 'நீர்' என்று அழைத்த உத்தியோகத்தரை அழகர் அதுவரை கண்டதில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாறேங்கய்யா."

"குப்பியளிலை எல்லாம் இங்கிலீஷிலைதான் எழுதிக் கிடக்கும். வாசிப்பீரோ?"

அழகருக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்து தெரியாது. அதைச் சொல்லியிருந்தால் டாக்டர் வேறு ஏற்பாடு செய்திருப்பார், அல்லது வேறு ஆளைத் தேடியிருப்பார். அந்த 'நீர்' என்ற ஒரு சொல்லுக்குத் தகுதியானவனாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசையில், "கொஞ்சம் வாசிப்பேங்க" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருடம் அந்தப் பொய் எந்தச் சிக்கலும் தரவில்லை. விஷம் பழுப்புக் குப்பியில் இருக்கும். உப்புத் தண்ணீர் பெரிய சீசாவில் இருக்கும். ஒவ்வொன்றையும் வடிவத்தை வைத்தும் நிற்கும் இடத்தை வைத்தும் அடையாளம் வைத்துக்கொண்டார். வெப்பமானியில் டாக்டர் சொன்ன அளவுக்கு நேராக ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். ஏன் என்று கேட்டபோது, கண் கொஞ்சம் மங்கல் என்றார். பாம்பின் வாயைத் துணி கட்டிய கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் கடிக்கவைத்து விஷம் எடுப்பதும், அதை நிழலில் உலர்த்துவதும், பின்பு மஞ்சள் உப்புக்கல் போன்ற அந்தத் துண்டுகளைத் தராசில் நிறுப்பதும் அவர் கைக்கு இயல்பாகப் படிந்தன. டாக்டர் அவரை நம்பினார்.

என்ன ஆராய்ச்சி என்று டாக்டர் அவருக்குச் சொல்லியும் கொடுத்தார். ஒரு நாள் ஆட்டு இரத்தத்தை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றில் விரியன் விஷம் ஒரு சொட்டு விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் இரத்தம் கட்டியாகிவிட்டது. மற்றதில் விட்டதும் அதே விஷம்தான், ஆனால் சூடாக்கி ஆறவைத்தது. அந்த இரத்தம் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீரோ? விரியன்ரை விஷத்துக்குள்ளை ஒரு நொதி கிடக்கு. மோர் பாலை உறைய வைக்கிற மாதிரி அது ரத்தத்தை உறைய வைக்கும். சூடு காட்டினால் செத்துப்போகும். நாகத்தின்ரை விஷம் வேறை. அது மூச்சை நிப்பாட்டுது, சூட்டுக்கும் லேசிலை அசையாது. ரெண்டும் ஒரே விஷமில்லை, கண்டீரோ."

1912 ஆடி மாதம் இந்தியாவிலிருந்து பத்துச் சிறு கண்ணாடிக் குப்பிகள் வந்தன. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தை ஏற்றிப் பழக்கி, அதன் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர். சீரம் என்றார்கள். அங்குள்ள பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து பதுளையைச் சுற்றிய ஊவா மலையின் நாகத்துக்குக் கேட்குமா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டால் ஏழு தோட்டங்களிலும் வாங்கி வைக்கச் சொல்வதாக இருந்தார்.

நான்கு குப்பிகளை உடைத்து, உப்புத் தண்ணீர் சேர்த்து, ஆறு குழாய்களில் அளந்து ஊற்றினார். பக்கத்துத் தாங்கியில் வேறொரு சோதனைக்காக விரியன் விஷக் கரைசல், அதுவும் ஆறு குழாய்கள். இரண்டும் வெளிறிய மஞ்சள். இரண்டு தாங்கியிலும் காகிதத் துண்டு ஒட்டி டாக்டர் எழுதிவைத்தார். அந்த நேரத்தில் பிரசவத்துக்கு ஆள் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"விரியன் விஷத்தைச் சுடுதண்ணியிலை அரை மணித்தியாலம் வையும். சீரத்தைத் தொடவேண்டாம், அது நாளைக்கு."

குதிரை வண்டி போன பிறகு அழகர் இரண்டு தாங்கிகளின் முன்னால் நின்றார். எல்லாம் ஒரே மாதிரிக் குழாய்கள். காகிதத்தில் இருந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். பங்களாச் சமையற்காரர் முருகையாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். இருபது அடி தூரத்தில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அழகர் கேட்கவில்லை. வலது பக்கத்துத் தாங்கியிலிருந்த குழாய்களை எடுத்துச் சுடுநீரில் இறக்கினார்.

கால் மணி நேரத்தில் அந்த நீர், அரிசி கழுவிய தண்ணீர்போல் லேசாக வெளுத்தது. விரியன் விஷத்தை அவர் எத்தனையோ தடவை சூடாக்கியிருக்கிறார். சின்னத் துகள்கள் அடியில் படியும், இப்படி முழுவதும் மங்காது. முட்டையின் வெள்ளைக்கரு வேகிறபோது வெளுப்பது ஞாபகம் வந்தது. தான் வேகவைத்தது குதிரையின் இரத்தநீர் என்று அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

அவசரமாகக் குழாய்களை எடுத்து ஆறவைத்து, வலது தாங்கியிலேயே திரும்ப வைத்தார். பிறகு இடது தாங்கியின் குழாய்களை எடுத்து அரை மணி நேரம் சூடாக்கினார், அந்தக் கணக்காவது சரியாக வரட்டும் என்று. "அந்த ரெண்டாவது தடவ சூடாக்குனேன் பாருங்க, அதுதாங்க திருட்டு. மொதல்ல செஞ்சது தெரியாத்தனம்" என்று என்னிடம் சொன்னபோது அவர் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை டாக்டர் சீரக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"லேசாக் கலங்கிக் கிடக்கே. உப்புத் தண்ணி பழசோ?"

"இருக்கலாமுங்க" என்றார் அழகர்.

நாக விஷத்தோடு அந்தச் சீரத்தைக் கலந்து ஆறு புறாக்களுக்கு ஏற்றினார்கள். பத்துமணிக்கு முதல் புறா கழுத்தைத் தொங்கவிட்டது. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறும் செத்தன. டாக்டர் அன்று சாப்பிடாமல் மேசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஏழு கடிதம் எழுதினார். இந்தச் சீரம் நம் நாகத்துக்குப் பயன்படாது, தோட்டங்கள் வாங்க வேண்டியதில்லை என்பது கடிதத்தின் சாரம். அவற்றை ஏழு தோட்டங்களுக்கும் கால்நடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அழகரேதான். இரண்டு நாள் நடந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதுதான் அவர் வாழ்க்கையில் வாசிக்காமலே புரிந்துகொண்ட கடிதம் என்பார். மிச்சம் ஆறு குப்பிகள் அலமாரியில் இருந்தன. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். வாரம் போகப்போக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியிருந்தது. பாம்பு கடித்தவர் யாரும் வரவில்லை. யாரும் வராமலே போகலாம் என்று நம்பத் தொடங்கினார்.

ஐப்பசி மழையில் இராமையாவைப் பாம்பு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அழகர் இருந்த அதே லயத்தில், ஐந்து காம்பரா, அதாவது ஐந்து அறை, தள்ளிக் குடியிருந்தவர். கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் கை விட்டு அடைப்பை எடுக்கும்போது நாகம் கடித்துவிட்டது. பாம்பையும் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள், படம் நன்றாகத் தெரிந்தது. கம்பளியில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கி வந்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கூடவே அவர் மனைவி ரெங்கம்மா, கொழுந்துக்கூடையை முதுகிலிருந்து இறக்காமலே ஓடி வந்திருந்தார்.

டாக்டர் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். கட்டுப் போட்டார், கடிவாயைக் கீறி ஊதா நிறத்து மருந்துத்தூளைத் தேய்த்தார். ஒரு மணிக்கு இராமையாவின் இமைகள் கீழே இறங்கின. தூக்கம் வந்தவர்போல் இருந்தார். பிறகு பேச்சு குழறியது. எச்சில் விழுங்க முடியவில்லை. அழகர் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மருந்து ஒண்ணும் இல்லீங்களா சாமி?" என்று ரெங்கம்மா கேட்டார்.

"ஒண்டு வந்தது, தங்கச்சி. இந்தப் பாம்புக்கு அது கேக்காது. நான் சோதிச்சுப் பாத்தனான்."

அழகர் துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு தடவை, "ஐயா" என்று கூப்பிட்டுவிட்டார். டாக்டர் உடனே திரும்பினார்.

"என்ன, சொல்லும்?"

ரெங்கம்மா அழகரைப் பார்த்தார். தூக்கி வந்த நால்வரும் பார்த்தார்கள். அவர்களில் ரெங்கம்மாவின் தம்பி பொன்னையாவும் இருந்தார்.

"தண்ணி சுட வைக்கவாங்க?" என்றார் அழகர்.

டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, இராமையாவின் கைகளைத் தூக்கியும் இறக்கியும் மூச்சு ஓடவைக்கப் பார்த்தார். அவர் களைத்தபோது அழகர் செய்தார். அழகரின் இடுப்பில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு இராமையா செத்துப்போனார்.

அப்போது உள்ளுக்குள் என்ன ஓடியது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். "அந்தச் சீரம் உண்மையிலேயே கேக்காம இருக்கலாம்ல, அப்ப நா ஒண்ணும் செய்யல பாருங்கன்னு நெனச்சுக்கிட்டே கையத் தூக்கித் தூக்கி எறக்குனேங்க" என்றார். "ஒரு மனுசன் செத்துக்கிட்டிருக்கான். நா எனக்கு வக்கீல் பேசிக்கிட்டிருந்தேன்."

இராமையா செத்த ஐந்தாம் நாள் டாக்டர் மிச்சக் குப்பிகளை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப ஒரு பெட்டியில் வைக்கோல் பரப்பினார். பேனாவை எடுத்துக்கொண்டு, "குப்பியிலை இருக்கிறதை ஒவ்வொண்டா வாசியும், எழுதுறன்" என்றார்.

அழகர் ஒரு குப்பியைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"என்ன, கண் தெரியேல்லையோ?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்கய்யா."

டாக்டர் முதலில் சிரித்தார். கேலி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு பேனாவை வைத்தார்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமாங்க."

இந்தக் குட்டு தானாக உடைந்தது. அடுத்ததை அவர் மறைத்திருக்கலாம். டாக்டர் அதுவரை எதையும் சந்தேகிக்கவில்லை. ஆனால் குப்பியைக் கீழே வைத்த கையோடு வாய் திறந்துகொண்டது என்றார் அழகர். வலது தாங்கி, வெளுத்த நீர், இரண்டாம் தடவை சூடாக்கியது எல்லாம் சொன்னார்.

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

அந்த 'உனக்கு' எங்கே விழுந்தது என்று அழகருக்குத்தான் தெரியும்.

"அன்னிக்கே தெரியுங்க."

"இராமையா படுத்துக் கிடக்கேக்கை?"

"தெரியுங்க."

டாக்டர் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. "உன்னைப் பேச எனக்கு வாயில்லை. ஒரே ஒரு தரம் செய்து பாத்திட்டு ஏழு தோட்டத்துக்கு எழுதினவன் நான். தண்ணி கலங்கிக் கிடந்ததைக் கண்ணாலை கண்டனான். கண்டிட்டும் விட்டனான்." அதன் பிறகு அவர் அழகரை 'நீர்' என்று அழைக்கவேயில்லை. கோபத்தினால் அல்ல, அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கே கூசியது என்று நான் நினைக்கிறேன்.

மறுநாள் பதுளைப் பஸாரில் மர்ஸூக் என்ற கோழி வியாபாரியிடமிருந்து எட்டுப் புறாக்கள் வாங்கி வந்தார்கள். நான்கு புறாவுக்கு வெறும் நாக விஷம். மற்ற நான்குக்கு அதே அளவு விஷமும் சூடு காட்டாத சீரமும். ஒவ்வொரு புறாவையும் பிடித்துக்கொண்டது அழகர்தான், டாக்டர் ஊசி போட்டார். 

ஒரு மணி நேரத்தில் வெறும் விஷம் ஏற்றிய நான்கும் செத்தன. மற்ற நான்கும் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. அழகர் கூட்டின் முன்னால் குந்தியிருந்தார். அவை சாக வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டாராம். அவை செத்தால் சீரம் உண்மையிலேயே உதவாதது, இராமையா எப்படியும் செத்திருப்பார், அழகர் மேல் பழியில்லை. பிழைத்தால் ஊருக்கெல்லாம் மருந்து கிடைக்கும். அப்படியிருந்தும் சாகட்டும் என்றுதான் வேண்டினார். பிற்பகலில் ஒரு புறா கூட்டின் முன்பக்கம் நடந்து வந்து சிந்திக் கிடந்த குரக்கன் தானியத்தைக் கொத்தியது. பின்னாலேயே அடுத்தது வந்தது. பொழுது சாயும்போது நான்கும் கொத்திக்கொண்டிருந்தன.

டாக்டர் அந்தத் தடவை அவசரப்படவில்லை. இரண்டு நாள் விட்டு இன்னொரு குப்பியை உடைத்து மறுபடி செய்தார், அடுத்த வாரம் மூன்றாம் தடவை. சீரம் ஏற்றிய பன்னிரண்டு புறாவில் பதினொன்று பிழைத்தன. ஏழு புதிய கடிதம் எழுதினார். முந்திய சோதனையில் பெரும் பிழை நேர்ந்தது, அது முழுக்கத் தன் பிழை, சீரம் நாகத்துக்குக் கேட்கும், உடனே வாங்கி வையுங்கள் என்று.

"என் பேரையும் எழுதுங்கய்யா."

"ஆய்வுகூடம் என்ரை. கடிதத்திலை ஒரு பேர் போதும்."

"அப்ப ரெங்கம்மாகிட்ட நாந்தாங்க சொல்லணும்."

டாக்டர் தானும் வருவதாகச் சொன்னார். அழகர் தனியாகத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, லயத்து ஆட்கள் எல்லாரும் வீட்டிலிருக்கும் நேரம். இராமையா செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ரெங்கம்மா வாசலில் பழைய கம்பளியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அழகர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அலமாரியில் மருந்து இருந்தது, சாவி தன்னிடம் இருந்தது, அது கேட்காது என்று காட்டிய சோதனை பிழை என்று தனக்குத் தெரியும். எதையும் குறைக்காமல் சொன்னார்.

பொன்னையா காம்பராவுக்குள்ளிருந்து பாய்ந்து வந்து அறைந்தார். அழகர் தடுக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது அடி விழுந்தது. உதடு கிழிந்தது. பக்கத்துக் காம்பரா ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"விடு பொன்னையா" என்றார் ரெங்கம்மா. "அடி வாங்குறது அவருக்குச் சொகமா இருக்கு. மொகத்தப் பாரு."

அது உண்மைதான் என்று அழகர் என்னிடம் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு அடியிலும் ஏதோ கொஞ்சம் கழிவதுபோல் இருந்ததாம்.

ரெங்கம்மா கம்பளியைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கம் வந்தார். சத்தம் போடவில்லை.

"அவுக விதி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். டாக்டரய்யாவே கைய விரிச்சிட்டாரே, நாம என்னா செய்ய முடியும்னு மனச ஆத்திக்கிட்டுக் கெடந்தேன். இப்ப வந்து, பொழைச்சிருப்பாகன்னு சொல்றீங்க. இனிமே நா எப்பிடி ஆத்திக்கிறது? ஒங்க பாரத்த எறக்கி வச்சிட்டீங்க. எங்கிட்டத்தானே வச்சிட்டுப் போறீங்க?"

 சொன்னால் ஒரு கடமை முடியும் என்று வந்தவர் அழகர். சொன்னதே இன்னொரு குற்றமாகிவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் அதுவும் குற்றம். அதற்குப் பிறகு அவர் லயத்தில் இருக்கவில்லை. பாம்பு வீட்டின் ஓரத்திலிருந்த சாமான் அறையில் படுத்துக்கொண்டார்.

டாக்டர் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அடுத்த திங்கட்கிழமை மேசையில் ஒரு சிலேட்டு இருந்தது. அதில் சீரம், நாகம், விரியன் என்ற மூன்று சொற்களும் தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தன. எழுத்து டாக்டருடையது. அழகர் அதன் கீழே எழுதிப் பார்த்தார். வாரத்துக்கு வாரம் சொற்கள் மாறின. முப்பத்தேழு வயதில் அவர் கடைப்பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.

1914இல் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் பெரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காலில் நாகம் கடித்தது. அந்தத் தோட்டத்துத் துரை சீரம் வாங்கி வைக்க மறந்திருந்தார். ஆள் ஓடி வந்து சொன்னதும் அழகர் பெட்டியை எடுத்துக்கொண்டு நான்கு மைல் மேட்டில் ஓடினார். டாக்டர் பின்னால் வண்டியில் வந்து சேர்ந்து ஊசி போட்டார். பெரியாயியின் இமைகள் இறங்கிவிட்டிருந்தன, இராமையாவுக்கு இறங்கியது போலவே. மூன்று மணி நேரம் கழித்து அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயின. பெரியாயி கண் திறந்து, "தாகமா இருக்கு" என்றார்.

லயமே கொண்டாடியது. யாரோ சாமந்தி மாலை கொண்டுவந்து டாக்டருக்குப் போட்டுவிட்டு, இன்னொன்றை அழகருக்குப் போட வந்தார்கள். அவரைக் காணவில்லை. லயத்தின் பின்பக்கம் தண்ணீர் கொட்டும் பீலியடியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மருந்து எவ்வளவு சுலபமாக வேலை செய்தது என்பதை அவர் அன்றுதான் ஓர் ஆளின் உடம்பில் பார்த்தார். அலமாரியைத் திறந்து, குப்பியை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தாராம். இராமையா கிடந்த கட்டிலிலிருந்து அலமாரிக்குப் பதினான்கு எட்டு.

அதன்பின் ஒருவர் பிழைத்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு அப்படித்தான் இருந்தது. விரியன் கடியில் சிலரைக் காப்பாற்ற முடியவில்லை, நாகக் கடியில் நேரம் தாழ்த்தி வந்த இருவர் செத்தார்கள். அந்தச் சாவுகளில் அவர் மற்றவர்களைப்போல் அழுதார். பிழைத்தவர்கள் கும்பிட வந்தபோதுதான் முகம் கறுத்தது. டாக்டர் 1918இல் காய்ச்சலில் கண் மூடும்வரை இருவரும் அந்த ஐப்பசி நாளைப் பற்றி மறுபடி பேசவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டாக்டரின் குறிப்புப் புத்தகம் மருந்துச்சாலையோடு எனக்கு வந்தது. 1912 ஆடிச் சோதனை எழுதிய பக்கத்தில் ஆறு புறாக்களின் கணக்கைக் கோடு போட்டு அடிக்காமல், ஓரத்தில் தன் கையெழுத்தை மட்டும் போட்டிருந்தார்.

ரெங்கம்மா அந்தத் தோட்டத்திலேயே மேலும் பத்து வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். பாதையில் எதிரே வந்தால் அழகர் தேயிலைச் செடிக்குள் இறங்கி நின்று வழிவிடுவார். ரெங்கம்மா முகத்தைத் திருப்ப மாட்டார், பேசவும் மாட்டார். கைப்புண்ணுக்கு மருந்து போட என்னிடம் வருவார். நான் கதையின் மறுபாதியைக் கேட்டது அப்போதுதான். "அவர வெறுத்துடலாம்னுதான் பாக்குறேன். முடியல. மன்னிக்கவும் முடியல. ரெண்டுக்கும் நடுவுல கெடக்குறேன்" என்றார்.

1923இல் ரெங்கம்மா தம்பி குடும்பத்தோடு இந்தியாவிலுள்ள ஊருக்குத் திரும்ப முடிவுசெய்தார். தெமோதரை ஸ்டேஷனிலிருந்து ரயில். வழியனுப்ப நானும் போயிருந்தேன். மேடையின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அழகர் நிற்பதைப் பார்த்தேன். கிட்டே வரத் துணிவில்லை. ரெங்கம்மா மூட்டையைப் பொன்னையாவிடம் கொடுத்துவிட்டு அவரிடம் நடந்து போனார். பதினொரு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. நான் கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன்.

"அந்த மருந்துல இதுவரைக்கும் எத்தன பேரு பொழைச்சாங்க?"

"ஒம்பது பேருங்க."



"பத்தா இருந்திருக்கும்" என்றார் ரெங்கம்மா.

"ஆமாங்க" என்றார் அழகர்.

ரெங்கம்மா தலையசைத்தார். கோபமாகத் தெரியவில்லை. கணக்கை இருவரும் ஒரே மாதிரி வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததோ என்னவோ. அவர் போய் ரயில் பெட்டியில் ஏறினார். ரயில் வளைவில் மறையும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அழகர் என்னோடு நடந்தார். பாதி தூரத்தில் தானாகவே பேச்சைத் தொடங்கினார், தன் பாதிக் கதையை. தோட்டத்து வாசல் வந்தபோதும் முடியவில்லை. வாசலில் நின்றே மீதியைச் சொல்லி முடித்தார். பிறகு, நாளைக்குப் பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சீரம் கொண்டுபோக வேண்டும், விடியும்போதே கிளம்பணும் என்று சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் போனார்.